வெளிர் கல்லில் ஐந்து வட்டங்கள்

மூன்று வருடம் முன்பு இங்கிலாந்தில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கல் பாவினோம். இங்கே இதைப் பேட்டியோ என்பார்கள். வேலை செய்தவர் உள்ளூர் ஒப்பந்தக்காரர். இரண்டே நாளில் முடித்துவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதல் நல்ல மழை பெய்து மறுநாள் வெயில் அடித்தபோதுதான் கவனித்தேன்: ஒவ்வொரு கல்லிலும் ஐந்து கருவட்டங்கள். மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று, பகடையின் ஐந்தாம் பக்கம் மாதிரி. கோடையில் மங்கின, குளிர்காலத்தில் திரும்பி வந்தன. "கல்லுக்கு அம்மை போட்டிருக்கு" என்றாள் மனைவி.

கடப்பாரையால் ஒரு கல்லை நெம்பினேன். 900க்கு 600 மில்லிமீட்டர், 22 மில்லிமீட்டர் கனம். ஏறக்குறைய 28 கிலோ. அவ்வளவு பெரிய கல் சிரமமில்லாமல் கிளம்பி வந்துவிட்டது. அடியில் ஐந்து உருண்டைக் கலவை, மற்ற இடமெல்லாம் வெறும் காற்று. கலவையும் மிச்சம், நேரமும் மிச்சம். ரசமட்டம் வைத்துத் தட்டிச் சரிசெய்வதும் சுலபம். அதனால்தான் இப்படிச் செய்கிறார்கள்.

ஏன் வட்டம் தெரிகிறது? மணற்கல் நுண்துளைகள் நிறைந்தது. கலவை தொடுகிற இடத்தில் தரை ஈரமும் அதில் கரைந்த உப்புகளும் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மேலே ஏறுகின்றன. தொடாத இடத்தில் ஏற வழியில்லை, அங்கே கல் சீக்கிரம் காய்கிறது. கறுப்புக் கல்லில் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. வெளிர் கல் அடியில் இருப்பதை அப்படியே அச்சடித்துக் காட்டிவிடும். நிறம் மட்டும் பிரச்சினை என்றால் சகித்துக்கொண்டிருப்பேன். அடியிலுள்ள காலி இடத்தில் தண்ணீர் தேங்கி, உறைபனியில் விரிந்து, கல்லைத் தூக்கும். கல் ஆட ஆரம்பித்தால் சந்துப் பூச்சு வெடிக்கும், அந்த வெடிப்பு வழியாக இன்னும் தண்ணீர் இறங்கும். எங்கள் வீட்டில் எறும்புக் குடியிருப்பும் வந்திருந்தது.

கல் என்னவோ இந்தியக் கல்தான். ராஜஸ்தானில் வெட்டியெடுத்துக் கப்பலில் வருகிறது. இங்கே அதிகம் விற்கிற சாம்பல் ரகத்துக்குக் குஜராத் துறைமுகமான காண்ட்லாவின் பெயரையே வைத்துவிட்டார்கள். நான் வாங்கிய வெளிர் ரகத்தின் பெயர் மின்ட் ஃபாசில். அதில் பெரணி இலை மாதிரித் தெரிவது புதைபடிவமே அல்ல. கல்லின் நுண்விரிசல்களில் புகுந்த நீர் விட்டுச்சென்ற மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகள், டென்டிரைட் என்பார்கள். அந்த மணல் படிந்த காலத்தில் நிலத்தில் செடிகொடியே தோன்றியிருக்கவில்லை. இந்தக் கல்லுக்குள் தண்ணீர் நடமாடுவது ஒன்றும் புதிதல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தடவை நானே பாவினேன். கீழே 100 மில்லிமீட்டர் ஜல்லித்தளம் நன்றாகவே இறுகியிருந்ததால் அதைத் தொடவில்லை. பழைய உருண்டைகளை உளியால் பெயர்க்கவே ஒரு வார இறுதி போயிற்று. பிறகு நூல் கட்டி வாட்டம் பார்த்தேன். நாலு மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர், வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக. முடித்த மட்டம் சுவரின் ஈரத்தடுப்புப் பட்டைக்கு 150 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும், அதாவது இரண்டு செங்கல் வரிசை. ஐந்து பங்கு கரகரப்பான மணலுக்கு ஒரு பங்கு சிமெண்ட், கல்லின் முழு அடிப்பரப்புக்கும் 40 மில்லிமீட்டர் கனத்தில் மெத்தை.

முக்கியமான விஷயம் அடுத்தது. கல்லின் முதுகைக் கழுவி, சிமெண்டும் எஸ்.பி.ஆர். லேடெக்ஸும் கலந்த கூழைப் பிரஷ்ஷால் பூசி, அது காய்வதற்குள் கல்லை வைத்துவிட வேண்டும். கலவையோடு கல்லை ஒட்டவைப்பது இதுதான், ஈரமும் உப்பும் மேலே ஏறுவதைக் குறைப்பதும் இதுதான். ஊரில் கிரானைட் பதிக்கும் கொத்தனார்கள் கலவை மேல் சிமெண்ட் பால் ஊத்திட்டுத்தான் கல்லை வைப்பார்கள். ஏதோ பழக்கதோஷம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்! வைத்தபின் ரப்பர் சுத்தியலால் தட்டி, காது கொடுத்துக் கேட்க வேண்டும். 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் வந்தால் சோம்பல்படாமல் தூக்கித் திரும்ப வையுங்கள். நான் நாலு கல்லைத் தூக்கினேன். ஒன்று உடைந்தது.

சந்து 10 மில்லிமீட்டர். அதை அடைக்கக் கடையில் பிசின் கலந்த மணல் கிடைக்கும், துடைப்பத்தால் தள்ளினால் போதும். வேலை சுலபம்தான். ஆனால் சில பிசின் ரகங்களை உலர்ந்த வெளிர் கல்லில் தள்ளினால், பிசின் ஓரங்களில் ஊறி ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் கறுப்புச் சட்டம் போட்டதுபோல் ஆகிவிடும். அதற்கு முன்பே கல்லை நன்றாக நனைத்துவிட வேண்டும். நான் அதை நம்பவில்லை. நான்குக்கு ஒன்று கலவையை, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற அளவு மட்டும் ஈரமாகப் பிசைந்து, சின்னக் கரணையால் சந்துக்குள் அழுத்தித் தேய்த்தேன். முதுகு போயிற்று, ஆனால் கல் மேல் கறை இல்லை. ஈரக்கலவை என்றால் அதன் சிமெண்ட் தண்ணீர் ஓரத்தில் ஊறிவிடும். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் இந்த வேலையே வேண்டாம்.

ஒரு கல்லில் மட்டும் சிமெண்ட் கறை பட்டது. செங்கல் கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நீர்க்கவிட்டுத் தேய்த்தேன். சிமெண்ட் போயிற்று. இரண்டு நாளில் கல் ஆரஞ்சு நிறமாகிவிட்டது! கல்லுக்குள் இருந்த இரும்பை அமிலம் கரைத்து மேலே கொண்டுவந்து, அது காற்றில் துருவாகியிருக்கிறது. அதற்குப்பின் என்ன தேய்த்தும் போகவில்லை.

போன நவம்பரில் நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலை காபியோடு போய்ப் பார்த்தேன். கற்கள் சீராகக் காய்ந்துகொண்டிருந்தன, சந்தோரம் மட்டும் கொஞ்சம் தாமதம். வட்டம் எதுவும் இல்லை. ஆரஞ்சுக் கல் மேல் குப்பைத்தொட்டி நிற்கிறது.