ஆங்கிலக் கவிதையில் புனைவியல்

ரொமான்டிசிசம் எனப்படும் புனைவியல், ஆங்கிலக் கவிதையில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேரூன்றி, அடுத்த நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் செழித்தது. கவிதையின் ஊற்று இலக்கண விதியன்று, கவிஞனின் உள்ளமே என்பது அதன் அடிப்படை.

அதற்கு முன் டிரைடன், போப் ஆகியோரின் செவ்வியல் நெறி கோலோச்சியது. கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களே முன்மாதிரி. தெளிந்த அறிவும் அடக்கமும் போற்றப்பட்டன. இயைபோடு முடியும் ஈரடிகளில் நகர வாழ்வை எள்ளிய அங்கதக் கவிதைகள் புகழ்பெற்றன.

இந்நெறியின் பிடி மெல்லத் தளர்ந்தது. 1751இல் தாமஸ் கிரே, சிற்றூர் இடுகாட்டில் உறங்கும் எளியோருக்காக எழுதிய இரங்கற்பாவை வெளியிட்டார். 1765இல் தாமஸ் பெர்சி பழங்கதைப் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார். ஸ்காட்லாந்தின் உழவர் ராபர்ட் பர்ன்ஸ் தம் வட்டார மொழியிலேயே பாடினார். வில்லியம் பிளேக் தம் பாடல்களைத் தாமே செப்புத் தகட்டில் பொறித்து, அச்சிட்டு, வண்ணம் தீட்டினார்.

காலமும் மாறிக்கொண்டிருந்தது. இயற்கையையும் உணர்ச்சியையும் உயர்த்திப் பேசிய ரூசோவின் எழுத்துகள் பரவின. 1789இல் வெடித்த பிரெஞ்சுப் புரட்சி இளைஞர்களிடம் சுதந்திரக் கனவை விதைத்தது. அப்புரட்சியைக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் பிரான்சிலேயே தங்கி நேரில் கண்டார். இங்கிலாந்திலோ ஆலைகள் பெருகின. கிராம வாழ்க்கை குலைந்தது.

1798இல் வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் இணைந்து ‘லிரிக்கல் பாலட்ஸ்’ தொகுப்பை வெளியிட்டனர். அதில் ஆசிரியர் பெயர்கள் இல்லை. அன்றாட வாழ்வில் வியப்பைக் காட்டுவது வேர்ட்ஸ்வொர்த்தின் பங்கு. இயற்கை கடந்த நிகழ்வுகளை நம்பும்படி சொல்வது கோல்ரிட்ஜின் பங்கு. 1800ஆம் ஆண்டுப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், மக்கள் உண்மையில் பேசும் மொழியே கவிதைக்கு ஏற்றது என வேர்ட்ஸ்வொர்த் வாதிட்டார். உணர்ச்சி தானாகப் பொங்குவதே கவிதை என்ற அவர், அமைதியில் நினைவுகூரப்படும் உணர்ச்சியிலிருந்து அது பிறக்கிறது என்றும் விளக்கினார்.

புனைவியலின் பண்புகள் பெரும்பாலும் இந்தக் கொள்கையிலிருந்து கிளைப்பவை. உள்ளமே ஊற்று என்பதால் கற்பனை முதலிடம் பெற்றது. அதைக் கண்டதை நகலெடுக்கும் திறனாகக் கருதாமல், புதிதாகப் படைக்கும் ஆற்றலாகக் கோல்ரிட்ஜ் கண்டார். மலையும் ஏரியும் வெறும் பின்னணியாக இல்லாமல் மனத்தோடு உறவாடின. மேய்ப்பரும் குழந்தைகளும் பிச்சைக்காரரும் பாடுபொருளாயினர். இடைக்காலக் கதைகளும் தொலைதூர நாடுகளும் கற்பனைக்கு இடம் தந்தன.

அடுத்த தலைமுறையில் பைரன் சமூகத்தோடு முரண்படும் தனிமனிதனைப் பாடினார். ஷெல்லி கொடுங்கோன்மையற்ற உலகைக் கனவு கண்டார். கீட்ஸ் அழகையும் அதன் நிலையாமையையும் புலன்களால் உணரச் செய்தார். ஆனாலும் இவர்கள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள் அல்லர். பைரன் போப்பைப் பெரிதும் மதித்தவர். ‘ரொமான்டிக் கவிஞர்கள்’ என்ற பொதுப்பெயரே பிற்காலத்தார் சூட்டியது.

கீட்ஸ் 1821இலும் ஷெல்லி 1822இலும் பைரன் 1824இலும் இளமையிலேயே மறைந்தனர். 1830களில் இயக்கத்தின் வேகம் தணிந்தாலும் டெனிசன் போன்ற விக்டோரியக் கவிஞர்களிடம் அதன் தாக்கம் தொடர்ந்தது. தமிழில் பாரதியார் ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயர் சூடும் அளவுக்கு ஷெல்லியிடம் ஈடுபாடு கொண்டிருந்தார்.