நோயா, மருந்தா, குறட்டையா?

மனநல ஓ.பி.யில் டாக்டர் தவறாமல் கேட்கும் கேள்வி, “தூக்கம் எப்படி இருக்கு?” பையன் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொள்கிறார்: “பகல் பூரா தூங்குறான் சார். எழுப்பினாலும் எழுந்திரிக்க மாட்டேங்கிறான்.” மாத்திரையின் மயக்கம் என்றோ நோயின் சோம்பல் என்றோ சீட்டில் பதிவாகிறது. அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறார்கள். அவன் இரவில் குறட்டை விடுகிறானா என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். ஒலான்சபின், க்ளோசபின் போன்ற மனச்சிதைவு மருந்துகள் பலருக்கு எடையைக் கூட்டுகின்றன. கழுத்திலும் தொண்டையைச் சுற்றியும் கொழுப்பு சேர்ந்தால் மூச்சுப்பாதை குறுகும். தூக்கத்தில் தசைகள் தளரும்போது அது அடைபட்டே போகலாம். நெஞ்சு மூச்சிழுக்கப் போராடும், காற்று மட்டும் உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை பதறி ஒரு கணம் விழிக்கும். பெரிய குறட்டையோடு மூச்சு திரும்பும். இதுதான் ஸ்லீப் ஆப்னியா. ஒவ்வொரு தடையும் குறைந்தது 10 விநாடி நீடிக்கும். கடுமையான நிலையில் மூச்சு நிற்பதும் குறைவதுமாக மணிக்கு 30 தடவைக்கு மேல் நடக்கும். காலையில் தூங்கி எழுந்தவருக்கு எதுவும் நினைவிருக்காது. அசதியும் எரிச்சலும் எதிலும் ஒட்டாத மனமும்தான் மிஞ்சும்.

இவை எல்லாமே மனச்சோர்வின் அறிகுறிகளும்கூட. அதனால்தான் இந்த நோய் இன்னொரு நோயின் பெயருக்குள் இத்தனை எளிதாக ஒளிந்துகொள்கிறது. பக்கத்தில் படுப்பவர்தான் இதைக் கண்டுபிடிப்பார். மனநோயோடு வாழும் பலருக்குப் பக்கத்தில் படுக்க ஆளில்லை. இதற்கு மேல் பென்சோடயசிபைன் வகைத் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் தொண்டைத் தசை இன்னும் தளரக்கூடும். தீர்வு இல்லாமலில்லை. மூக்கு வழியாக விடாமல் காற்றழுத்தம் கொடுத்துப் பாதையைத் திறந்தே வைக்கும் முறையை 1981-லேயே சிட்னியில் காலின் சல்லிவன் குழுவினர் வெளியிட்டார்கள். இன்றைய சிபாப் கருவி அதன் வாரிசு.

“தூக்கமே வரலை” என்பவரிடமும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம்: படுத்ததும் கால் என்ன செய்கிறது? உள்ளே ஏதோ ஊர்கிறது, குடைகிறது, எழுந்து நடந்தால்தான் அடங்குகிறது, பொழுது சாயச் சாய அதிகமாகிறது என்றால் அது பதற்றம் இல்லை. ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் என்ற தனிக் கோளாறு. டோபமின் என்ற மூளை ரசாயனமும் இரும்புச்சத்தும் இதில் சம்பந்தப்பட்டவை. மிர்டசபின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் சிலருக்கு இதைக் கிளப்பிவிடும். ரத்தத்தில் இரும்பின் கையிருப்பைக் காட்டும் பெரிட்டின் அளவைப் பார்த்து, குறைவாக இருந்தால் இரும்புச்சத்து கொடுப்பதே சிலருக்குப் போதும். ராத்திரி என்றில்லாமல் பகலிலும் ஒரு இடத்தில் நிற்கமுடியாமல் தவித்தால் அது வேறு. மனச்சிதைவு மருந்துகளின் பக்கவிளைவான அகதீசியாவாக இருக்கலாம். அதை நோய் முற்றியதாக நினைத்து டோஸைக் கூட்டினால் தவிப்பும் கூடும்.

இருதுருவ நோய் உள்ளவர் மூன்று மணி நேரம் மட்டும் தூங்கி, அசதியே இல்லாமல் உற்சாகமாக எழுந்தால் அதைத் தூக்கமின்மை என்று கடந்துவிடக் கூடாது. மேனியா என்ற மிகையான எழுச்சி நிலை வரப்போவதன் முன்னறிவிப்பாக அது இருக்கலாம். அன்றே டாக்டருக்குத் தெரிய வேண்டிய செய்தி.

தூக்கக்கேட்டை வெறும் அறிகுறியாகவே பார்த்த பழக்கத்தை அசைத்த ஆய்வு ஒன்று 2017-ல் வந்தது. ஆக்ஸ்போர்டின் டேனியல் ஃப்ரீமன் குழுவினர் 26 பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் தூக்கமின்மை உள்ள 3,755 மாணவர்களைச் சேர்த்து, பாதிப் பேருக்கு இணையவழியாகத் தூக்கத்துக்கான நடத்தைச் சிகிச்சை கொடுத்தார்கள். அவர்களுக்குத் தூக்கம் மேம்பட்டது. கூடவே, பிறர் தனக்குத் தீங்கு நினைக்கிறார்கள் என்ற சந்தேகமும், இல்லாததைக் கேட்பது, காண்பது போன்ற அனுபவங்களும் குறைந்தன. தூக்கம் கெடுவது மனக்கோளாறின் காரணங்களில் ஒன்றாகவும் இருக்கலாம் என்பதற்கு இது வலுவான சான்று.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது நிறைய. நோயாளியின் சம்மதத்தோடு, அவர் தூங்கும்போது குறட்டையையும் மூச்சு நிற்பதையும் செல்போனில் பதிவு செய்யுங்கள். எப்போது படுத்தார், எழுந்தார், பகலில் எங்கே கண்ணயர்ந்தார் என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்குகிறாரா, பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுகிறாரா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாமல், அந்த நோட்டையும் போனையும் அடுத்த ஓ.பி.க்கு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.