சுறாவின் வாயும் சுறாவின் தோலும்

முத்துக்குளிப்பு நடந்த நாட்களில் நம் கடற்கரையில் ஒருவருக்குத் தனி மரியாதை இருந்தது. அவர் மூழ்கமாட்டார், மூச்சடக்கமாட்டார், சிப்பி பொறுக்கமாட்டார். மந்திரம் மட்டும் ஓதுவார். சுறாவின் வாயைக் கட்டுகிறாராம்! கடல்கட்டி என்று பெயர். கூலி என்ன தெரியுமா, தோழர்களே? இருபதில் ஒரு பங்கு என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ எழுதிவைத்துப் போனான். மூழ்கி நுரையீரல் வெடித்தவன் ஒருவன். முணுமுணுத்து முத்தெடுத்தவன் மற்றொருவன்! அறிவாளி என்று பெயரெடுத்த ஆங்கிலேய ஆட்சியும் கடல்கட்டியைக் கைவிடவில்லை.

1961-இல் கடைசி முத்துக்குளிப்பு முடிந்தது. கடல்கட்டி போனார். சுறா இருக்கிறது. அதன் வாயை விட்டுவிட்டு, தோலைப் பற்றிப் பேசுவோம்.

துறைமுகத்திலே மூட்டை சரிந்து ஒரு தோழனின் தொடை எலும்பு முறிகிறது. உள்ளே உலோகக் கம்பி வைக்கிறார்கள். சிறுநீருக்குக் குழாய் செருகுகிறார்கள். கம்பியும் குழாயும் உயிர் காக்க வந்தவை. ஆனால் கிருமிக்கு அவை குடியிருப்பு மனை! கப்பலின் அடிப்பாகத்தைப் பார்த்த நமக்கு இது புதிதா? முதலில் வழவழப்பான படலம், பிறகு பாசி, அதன்மேல் கொட்டலசு. கிருமியும் அப்படியே ஒட்டி, பசை கக்கி, அந்தப் பசைக்குள் பதுங்குகிறது. தனியே திரியும் கிருமியைக் கொல்லும் மருந்தைப்போல ஆயிரம் மடங்கு கொடுத்தாலும் உள்ளே இருப்பது சாகாமல் தப்பலாம்.

மருந்து என்றால் ஆன்டிபயாடிக். 1928-இல் பெனிசிலினைக் கண்ட பிளெமிங், 1945-இல் நோபல் பரிசு பெற்ற மேடையிலேயே எச்சரித்தார்: குறைவாகக் கொடுத்தால் கிருமி பழகிக்கொள்ளும் என்று. கேட்டோமா? காய்ச்சலுக்கு இரண்டு, சளிக்கு இரண்டு என்று கடையில் வாங்கி விழுங்கினோம். கடைசி ஆயுதமான மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகளைப் பற்றி 2010-இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளரும் பிரிட்டிஷ் விஞ்ஞானிகளும் சேர்ந்து உலகுக்கு அறிவித்தனர். 2019-இல் மட்டும் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக மாண்டவர்கள் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்பது உலகக் கணக்கு.

ஒட்டிய பின் கொல்வதைவிட ஒட்டவிடாமல் தடுத்தால் என்ன? கப்பல்காரன் இதை முன்பே கேட்டுவிட்டான். 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற கப்பலின் அடியில் செம்புத் தகடு அடித்தது. நம் காலத்திலே புளோரிடா பல்கலைக்கழகத்தின் அந்தோணி பிரென்னன், கப்பலில் பாசி பிடிக்காமலிருக்க வழி தேடியபோது சுறாத் தோலைப் பார்த்தார். மெதுவாக நீந்தும் திமிங்கிலத்தின் மேல் கொட்டலசு அப்பிக்கிடக்க, சுறா மட்டும் சுத்தமாக இருப்பானேன்? தோலிலே நுண்ணிய வரிவரியான மேடுகள்! அதே மேடுகளைச் சிலிக்கோன் ரப்பரில் அச்சடித்தார். 2007-இல் வெளிவந்த சோதனையில், வழவழப்பான ரப்பரில் இரண்டு வாரத்தில் கிருமிப்படலம் முற்றியது. மேடு அச்சடித்ததில் 21 நாள்வரை அது தலைகாட்டவில்லை. மருந்தில்லை, நஞ்சில்லை, மந்திரமும் இல்லை!

வேறு வழியும் உண்டு. பெங்களூர் ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் ஜயந்த ஹால்தார் குழுவினர், தொட்ட கிருமியின் மேலுறையையே கிழிக்கும் பூச்சை 2020-இல் அறிவித்தனர். உறையே கிழிந்தால் கிருமி பழகிக்கொள்வது எளிதல்ல.

பூச்சு என்றதும் மயங்கிவிட வேண்டாம். வெள்ளி பூசிய சிறுநீர்க் குழாயை அதிக விலைக்கு விற்றார்கள். பிரிட்டனில் சுமார் 7,000 நோயாளிகளிடம் சோதித்து 2012-இல் முடிவு சொன்னார்கள்: சாதாரணக் குழாயைவிடப் பெரிய பயன் இல்லை! சோதனைக்கு நிற்காத வெள்ளியும் ஒரு கடல்கட்டிதான். இரத்தத்தில் கலந்துவிட்ட கிருமியைப் பூச்சு எதுவும் துரத்தாது. அங்கே ஆன்டிபயாடிக்கே வேண்டும். அதனால்தான் அதை வீணாக்காதே என்கிறோம்.

சோதனையில் வென்ற பூச்சு நாளை வந்தால், அது பணக்காரர் படுக்கைக்கு மட்டும் வருமா, மூட்டை தூக்குபவன் தொடைக்கும் வருமா? அரசு மருத்துவமனைக்குக் கம்பி வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது.

அதுவரை காசில்லாத காரியம் ஒன்று உண்டு. சிறுநீர்க் குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 விழுக்காடு நோயாளிகளுக்குப் புதிதாகக் கிருமி ஏறுகிறது. கட்டிலில் கிடக்கும் தோழனைப் பார்க்கப் போகிறவர்கள், ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு கேள்வியையும் கொண்டுபோங்கள்: "டாக்டர் அய்யா, இந்தக் குழாய் இன்றும் வேண்டுமா?"