வெள்ளி டாலரில் ஒரு மனைவியின் முகம்

பள்ளிக்கூட விழாவில் வேஷம் கிடைக்காத ஒரு சிறுமி, பிற்காலத்தில் அமெரிக்க நாணயத்திலேயே இடம் பிடித்தாள் என்றால் நம்ப முடிகிறதா?

தெரசா இத்தாலியில் பிறந்து சின்ன வயதிலேயே அமெரிக்காவுக்கு வந்தவள். நியூயார்க் துறைமுகத்துச் சுதந்திர தேவி சிலை என்றால் அப்படி ஒரு ஆசை! அது மாதிரியே நின்று நின்று காட்டுவாளாம். ஆனால் பள்ளியில் அந்த வேஷம் வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது. பாவம், குழந்தை மனசு உடைந்துவிட்டது.

வளர்ந்து, அந்தோணி டி பிரான்சிஸ்கி என்ற சிற்பியை மணந்தாள். முதல் உலகப் போருக்குப் பின் வந்த சமாதானத்தைக் குறிக்க 1921-ல் புது வெள்ளி டாலருக்குப் போட்டி நடந்தது. கலந்து கொண்ட சிற்பிகளில் இவர்தான் இளையவர், வயது 34. அவகாசமோ சில வாரங்கள்தான். வேறு பெண்ணைத் தேடுவானேன் என்று மனைவியையே உட்கார வைத்துவிட்டார். கூந்தல் காற்றில் அலைய வேண்டுமே, அதற்காக ஜன்னலைத் திறந்து விட்டாராம்! தலையில் கதிர் வீசும் கிரீடம். முகத்தைச் சற்று நீட்டியிருப்பதாகச் சொன்ன சிற்பி, மூக்கிலும் வாயிலும் மனைவியின் சாயல் இருப்பதை ஒப்புக்கொண்டார். பரிசு அவருக்கே.

பின்பக்கம் பாறை மேல் கழுகு, ஆலிவ் கிளை, உதிக்கும் சூரியனின் கதிர்கள், 'சமாதானம்' என்ற ஆங்கிலச் சொல். முதலில் ஒரு முறிந்த வாளும் இருந்தது. போர் ஒழிந்தது என்று அர்த்தம். ஆனால் நியூயார்க் பத்திரிகை ஒன்று, முறிந்த வாள் தோற்றவனின் அடையாளமல்லவா என்று எழுத, ஒரே கூச்சல். நாணயசாலையின் தலைமைச் செதுக்குநர் ஜார்ஜ் மார்கன், 76 வயதில், அச்சிலிருந்து வாளைக் கையாலேயே அகற்றினார். டிசம்பர் கடைசியில்தான் நாணயமே அடிக்க முடிந்தது. உருவம் மேடாக இருந்ததால் அச்சுகள் உடைந்தன. 1922-ல் உருவத்தைத் தாழ்த்தினார்கள்.

பள்ளியில் கிடைக்காத வேஷத்தை நினைத்துக்கொண்டேதான் மாடலாக உட்கார்ந்திருந்ததாகத் தெரசா தன் சகோதரனுக்கு எழுதினாள்.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு, தெரியுமா? போர்க்காலத்தில் நம் ஜனங்கள் நோட்டை நம்பாமல் வெள்ளி ரூபாயே கேட்டார்கள். பிரிட்டிஷாரிடம் வெள்ளி போதவில்லை. 1918-ல் பிட்மன் சட்டம் போட்டு அமெரிக்கா சுமார் 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கியது. பெரும்பகுதி இந்தியாவின் தேவைக்காக பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. உருக்கியதற்கு ஈடாகப் புதிதாக அடிக்க வேண்டும் என்பதும் அதே சட்டம். அப்படி அடித்தவற்றில்தான் தெரசாவின் டாலரும் சேர்ந்தது.

பாட்டியின் பெட்டியில் 1918, 1919 என்று போட்ட ஜார்ஜ் மன்னர் ரூபாய் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அது உருக்கிய அமெரிக்க டாலராகவும் இருக்கலாம்!