நேர்முடி ஏன் சுருண்டது?

ஐந்தாம் வகுப்பு வரை நேராக இருந்த முடி, பெரியவளானதும் சுருள்கிறதே என்று தோழியர் சிலர் அஞ்சுகின்றனர். இது நோயன்று, எண்ணெயை மாற்றிப் பயனுமில்லை. முடி முளைக்கும் குழி நேராயிருந்தால் முடி நேராகும், வளைந்தால் சுருளும். வளரிளம் பருவத்து ஹார்மோன்கள் இக்குழியின் வளைவை மாற்றக்கூடும். முதுமையில் பாட்டிமாரின் முடி மெலிகிறது, எண்ணெய்ச் சுரப்பு குறைய வறள்கிறது.

சுருள்முடியை ஈரம் காயுமுன் அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். இரட்டைச் சடை படியவேண்டுமென்று இறுக்கிப் பின்னாதீர்கள் (அம்மாமாரும் கவனிக்க!), நாளடைவில் நெற்றியோர முடி உதிரும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளைப்போல் ஒருபக்கம் சாய்த்துப் போடும் கொண்டையை, ராஜபாளையத்தில் விடுமுறையன்று போட்டுப் பார்த்தோம். நேர்முடிக்காரி தலையில் கொண்டை ஊசி நழுவிக்கொண்டே இருந்தது. சுருள்முடிக்காரிக்கோ மாலைவரை அசையவில்லை.