டிராக்டர் பெட்டி வாங்கும் முன்



கறவை மாடு, தையல் மிஷின் என்று கடன் எடுத்த நம் குழுக்களில் சிலர் இப்போது டிராக்டர் டிரெய்லருக்கு மனு தருகிறார்கள். நல்ல தொழில்தான். நெல், வைக்கோல், எரு, செங்கல் என்று ஊருக்குள் பாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் வந்த மனுக்களில் விலையும் தவணையும் இருக்கே தவிர, எத்தனை டன் பெட்டி, பிரேக் இருக்கா என்ற விவரமே இல்லை. கேட்டால், "அதெல்லாம் டிரைவருக்குத் தெரியும்க்கா" என்கிறார்கள். கடன் நம் பேரில். நடவுக்குப் போகையில் அந்தப் பெட்டியில் ஏறி உட்காருவதும் நாம்தான். அப்புறம் எப்படி டிரைவரிடம் விட்டுவிட முடியும்?

முதலில் எடை. 10 அடி நீளம், 6 அடி அகலம், 1¾ அடி உயரப் பலகை உள்ள பெட்டி 105 கன அடி கொள்ளும். அதாவது ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் கூட. அதில் நெல்லைக் கொட்டி நிரப்பினால் ஒன்றரை டன்னுக்குச் சற்று மேல் வரும். அதே பெட்டியில் மணல் நிரப்பினால் நாலரை டன்னைத் தாண்டும். செங்கல் 1000 ஏற்றினாலே சுமார் 3 டன். பார்க்கிறதுக்குப் பெட்டி ஒன்றுதான், பாரம் ஒன்றல்ல.

35 குதிரைத்திறன் டிராக்டரின் சொந்த எடை ஏறக்குறைய 2 டன். தன்னைவிடக் கனமானதை அது இழுத்துவிடும். நிறுத்துவதுதான் கஷ்டம். டிரைவர் பிரேக் போட்டாலும் பெட்டி நிற்காமல் டிராக்டரை முதுகில் பிடித்துத் தள்ளும். இறக்கத்தில் டிராக்டர் ஒரு பக்கம் திரும்பி, பெட்டி மடங்கி மேலே வந்துவிடும். அதனால் தனி பிரேக் உள்ள பெட்டியாகக் கேளுங்கள். விலை கூடத்தான். அந்தக் காசில் பேரம் பேச வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

இரண்டு சக்கரப் பெட்டிக்கு மாட்டு வண்டிக் கணக்குதான். முன்பாரம் அதிகமானால் டிராக்டரின் முன்சக்கரம் தூக்கும், ஸ்டியரிங் பிடிக்காது. பின்பாரம் அதிகமானால் கொக்கியை மேலே தூக்கும், பின் கழன்று வரும். பாரம் முன்பக்கம் கொஞ்சம் கூட இருக்கணும், அவ்வளவே. நாலு சக்கரப் பெட்டி தன் பாரத்தைத் தானே தாங்கும். ஆனால் வரப்போரம், குறுகிய தெரு என்றால் ரிவர்ஸ் எடுக்க நல்ல கை வேணும்.

பழைய பெட்டி வாங்குவோர் பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். ஏர்க்கால் போல நீண்டு வரும் முன் இரும்பில் புது வெல்டிங் தெரிந்தால் எங்கே உடைந்தது என்று கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் அந்த டயர் பாரத்துக்கு ஆகாது. சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கு.

இப்போது பின். எங்கள் குழு ஒன்றில் நடந்தது இது. பின் தொலைந்துவிட்டது என்று ஒரு இரும்புக் கம்பியைச் சொருகி, ஒரு வாரம் ஓட்டியிருக்கிறார்கள். வாய்க்கால் கரை ஏறும்போது கம்பி வளைந்து நழுவ, பெட்டி பின்னாலேயே உருண்டு வாய்க்காலில் கவிழ்ந்தது. எரு மட்டும்தான் போச்சு. அதே பெட்டியில் அன்று காலை பன்னிரண்டு பேர் நடவுக்குப் போயிருந்தார்கள். நூறு இருநூறு ரூபாய்ச் சாமான்! சரியான கனமுள்ள பின், அடியில் கிளிப், அதற்கு மேல் ஒரு காப்புச் சங்கிலி, மூன்றும் இல்லாமல் வண்டி நகரக் கூடாது. சங்கிலி இருந்தால் பின் போனாலும் பெட்டி தனியே ஓடாது. கொக்கியைத் தாழ இருக்கும் இழுவைக் கம்பியில் மட்டும் மாட்டணும். மேலே மாட்டி இழுத்தால் டிராக்டர் பின்பக்கமாகப் புரண்டுவிடும்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. சில கிலோமீட்டர் ஓடி வந்ததும் சக்கரத்தின் நடுக் குடத்தில் கை வையுங்கள். வைக்க முடியாமல் சுட்டால் கிரீஸ் இல்லை, அல்லது பேரிங் போகப் போகுது. ஸ்பிரிங் பட்டையைக் கட்டும் போல்ட்டுகளை வாரம் ஒருமுறை முடுக்கணும். ரோட்டில் போகையில் டிராக்டரின் இரண்டு பிரேக் மிதிகளையும் கொக்கி போட்டு இணைக்கச் சொல்லுங்கள். வயலில் கழற்றிவிட்டு அப்படியே ரோட்டுக்கு வருவது ரொம்பப் பேருக்குப் பழக்கம். ஒரு மிதி மட்டும் அழுந்தினால் வண்டி அந்தப் பக்கம் சுழலும். பின்பலகையில் சிவப்பு ஒளிர் பட்டை ஒட்டுங்கள். நிறுத்தும்போது கல் வைக்காமல் கயிறு கட்டிய மர ஆப்பு வையுங்கள். கல்லை ரோட்டிலேயே விட்டுப் போய், ராத்திரி டூவீலரில் வருகிறவர் விழுவதை நாம் பார்த்திருக்கோம்.

பெட்டிக்கும் தனியாகப் பதிவு உண்டு, ஆர்.சி. புத்தகம் உண்டு. வேளாண் உபயோகம் என்று இன்சூரன்ஸ் எடுத்து வாடகைக்குச் செங்கல் ஏற்றினால் விபத்தில் இழப்பீடு மறுக்கப்படலாம். பெட்டியில் ஆள் ஏற்ற அனுமதி இல்லை. விழுந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுக்கும், கடைசியில் வண்டி உரிமையாளரான குழுவின் தலையில்தான் அது விழும்.

வாய்க்காலில் பெட்டி கவிழ்ந்த குழு, அடுத்த கூட்டத்திலேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டது: நடவு ஆட்களுக்குப் பெட்டி கிடையாது, ஷேர் ஆட்டோ வாடகையைக் கூலி பேசும்போதே சேர்த்துப் பேசுவது. பெட்டிக்கு மனு தரும் குழுக்கள் இனி எடை விவரம், டயர் வருஷம், பிரேக் உண்டா இல்லையா என்பதைத் தனித் தாளில் எழுதி, பிரதிநிதிகள் இருவரும் கையெழுத்திட்டு இணைக்கவும்.