சிவிங்கிப்புலிகளின் சிறுநீரகத்தை அடைக்கும் புரதம்: பூங்காக்களில் மட்டும் ஏன் இவ்வளவு?

குனோ தேசியப் பூங்காவுக்கு 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து வந்த 8 சிவிங்கிப்புலிகளில் ஒன்று சாஷா. 2023 மார்ச்சில் சிறுநீரகக் கோளாறால் இறந்தது. சாஷாவின் கதை தனி. ஆனால் அடைப்பில் வளரும் சிவிங்கிப்புலிகளுக்கு (சிறுத்தை வேறு, இது வேறு!) சிறுநீரகம் கெட்டுப்போவது உயிரியல் பூங்காக்களுக்குப் பழைய தலைவலி. அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று அமிலாய்டோசிஸ், அதாவது புரதப் படிவு நோய்.

அப்படீன்னா என்ன?

உடம்பில் அழற்சி வந்தால், கல்லீரல் 'சீரம் அமிலாய்டு ஏ' என்ற புரதத்தை ரத்தத்தில் அதிகமாக விடும். நாலு நாளில் சரியாகிவிட்டால் பிரச்சினை இல்லை. மாதக்கணக்கில் நீடித்தால்தான் சிக்கல். அந்தப் புரதத்தின் துண்டுகள் தவறாக மடிந்து, நுண்ணிய இழைகளாகத் திரண்டு உறுப்புகளில் படியும். சிவிங்கிப்புலிக்கு முக்கியமாகச் சிறுநீரகத்தில். படிந்ததைக் கரைத்து எடுக்க மருந்து இல்லை. பல நேரம் விலங்கு இறந்த பிறகு திசுவைச் சோதித்தால்தான் விஷயமே தெரியவரும். மனிதர்களுக்கும் நாள்பட்ட காசநோய், முடக்குவாதம் இருந்தால் இதே வகைப் படிவு வரலாம்.

சரி, அழற்சி எங்கிருந்து வருது?

பெரும்பாலும் வயிற்றிலிருந்து. அடைப்பில் வாழும் சிவிங்கிப்புலிகளிடம் நாள்பட்ட இரைப்பை அழற்சி ரொம்ப சாதாரணம். ஹெலிகோபாக்டர் பாக்டீரியாதான் காரணம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அங்கேதான் இடிக்கிறது. நமீபியக் காடுகளில் திரியும் சிவிங்கிப்புலிகளின் வயிற்றிலும் அதே பாக்டீரியா இருக்கிறது. அவற்றுக்கு இந்த நோய்கள் அரிது என்று 2005-ல் வெளியான ஆய்வு காட்டியது. மரபணு வேறுபாடு குறைந்த இனம், அதனால்தான் நோய் என்ற வாதமும் முழுசாக நிற்காது. காட்டில் இருப்பதும் அதே இனம்தானே? மிச்சம் இருப்பது வாழும் முறை. அடைப்பில் உள்ளவற்றின் சாணத்தில் மன அழுத்த ஹார்மோன்களின் அளவு அதிகம் என்பதும் ஆய்வில் பதிவானதுதான்.

சாணம் என்றதும் இன்னொரு விஷயம். 2008-ல் ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோயுற்ற சிவிங்கிப்புலியின் சாணத்திலேயே இந்தப் புரத இழைகள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதைப் பிரித்தெடுத்து, அழற்சி தூண்டப்பட்ட எலிகளுக்குச் செலுத்தினால் அவற்றுக்கும் படிவு உண்டானது. கல்லீரலில் இருந்து எடுத்த இழைகளைவிட சாணத்து இழைகள் சிறியவை, ஆனால் வீரியம் கூடுதல்.

பாலில் உறை ஊற்றுகிற மாதிரிதான். ஏற்கெனவே மடிந்த ஒரு துளி இழை உள்ளே போனால், புதுப் புரதமும் அதே அச்சில் மடியத் தொடங்கும். தயிரிலாவது உயிருள்ள பாக்டீரியா உண்டு, இதில் உயிரே கிடையாது. வெறும் புரதம்.

எலியில் நடந்தது சிவிங்கிப்புலிகளுக்குள்ளும் அப்படியே நடக்கும் என்பதற்கு நேரடி நிரூபணம் இல்லை. ஆனாலும் ஒரே கொட்டிலில், ஒன்றன் சாணத்தை இன்னொன்று மிதித்து, உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் இடத்தில் இதை அலட்சியம் செய்ய முடியாது. அழற்சி உள்ள விலங்குக்குத்தான் இந்த 'உறை' வேலை செய்யும் என்பதால், இரைப்பை அழற்சியை ஆரம்பத்திலேயே பிடிப்பதும், சாணத்தை உடனுக்குடன் அள்ளுவதும் இப்போதைக்குப் பூங்காக்களின் கையில் இருக்கிற வேலை.